புதுமைப்பித்தன் வெறும் கிண்டல்காரரா?

தாமிரபரணிக்கரை:
புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எங்களுக்குக் கல்லூரியில் பாடம். 'நையாண்டிக் கதை' என்று எழுதி மார்க் வாங்கியதோடு சரி. போன வாரம் திரும்பப் படித்தேன். கடவுளே எதிரில் வந்து நிற்கிறார், பிள்ளையோ தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா பிடிக்கப் பார்க்கிறார், கடவுளும் யாருடைய ஜீவியம் என்று கேட்கிறார்! விழுந்து விழுந்து சிரித்தேன், ஆனால் முடித்தபோது மனசு கனத்துவிட்டது. ஏன் அப்படி? அடுத்து எதைப் படிக்கலாம்?

மீனாட்சி_மதுரை:
முதல் பத்தியைப் பாருங்கள். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில் நின்றுகொண்டு, டிராமில் போனால் எவ்வளவு, காலணா மிஞ்சினால் வெற்றிலை பாக்கு போடலாமா என்று பிள்ளை கணக்குப் போடுகிறார். கடவுள் வருவதற்கு முன்னாலேயே காசு வந்துவிடுகிறது. புதுமைப்பித்தனுடைய நையாண்டியே இந்தச் சில்லறைக் கணக்கில்தான் பிறக்கிறது என்பேன். 1934இல் மணிக்கொடி இதழில் வந்த 'பொன்னகரம்' படியுங்கள், சில பக்கம்தான். வண்டிக்காரப் புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சி கேட்கிறான், கையில் காசில்லை. அம்மாளு இருட்டுச் சந்துக்குள் போய் முக்கால் ரூபாயோடு வருகிறாள். கற்பு கற்பு என்று பேசுகிறவர்களை ஆசிரியர் அங்கேயே நிறுத்திக் கேட்டுவிடுகிறார்.

பழைய புத்தகம்:
மீனாட்சி சொன்ன காசுக் கணக்கு அவர் வாழ்க்கையிலும் உண்டு. இயற்பெயர் சொ. விருத்தாசலம், பிறந்தது 1906இல் திருப்பாதிரிப்புலியூரில், சொந்த ஊர் திருநெல்வேலி, அப்பா தாசில்தார். சர்க்கார் உத்தியோகம் தேடாமல் எழுத்தை நம்பிச் சென்னைக்கு வந்தார். மணிக்கொடி, தினமணி, அப்புறம் சினிமா. 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனே போன இடத்தில் காசநோய் முற்றி, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார், 42 வயசுதான். வருஷக்கணக்காக மனைவி கமலா ஒரு ஊரில், இவர் ஒரு ஊரில் என்று இருந்திருக்கிறார்கள். அதை மனசில் வைத்துக்கொண்டு 'செல்லம்மாள்' படியுங்கள். ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை, நோயில் கிடக்கும் மனைவிக்குத் தானே சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்கிறார். அவள் மூச்சு அடங்குவதில்தான் கதையே தொடங்குகிறது. கிண்டல்காரர் என்று மட்டும் சொல்பவர்கள் இதைப் படிக்காதவர்கள். அவர் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் கதைகள் இணையத்திலேயே கிடைக்கும்.

தாமிரபரணிக்கரை:
ரெண்டு பேருக்கும் நன்றி. பொன்னகரத்தை இப்போதுதான் முடித்தேன், அந்த முக்கால் ரூபாயைத் தாண்டி நகர முடியவில்லை. செல்லம்மாளை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன், இன்றைக்கு முடியாது.