மறு: பந்தயக் கார்த் துறையின் 'கோரிலேஷன்', தமிழில் என்ன?

> ஃபார்முலா 1 பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். "அந்த அணிக்கு கோரிலேஷன் சிக்கல்" என்று அடிக்கடி வருகிறது. புள்ளியியலில் உள்ள 'ஒட்டுறவு' என்பதையே போட்டுவிடலாமா?

வணக்கம் நண்பரே,

வேண்டாம் என்பது என் கருத்து. ஒட்டுறவு நல்ல சொல்தான், பாடநூலில் வேர்விட்ட சொல். ஆனால் அது இரண்டு அளவுகளைச் சமமாக வைத்துப் பேசும். பந்தய அணியில் கோரிலேஷன் என்பது தொழிற்கூடத்தின் கணிப்பும் தடத்தில் நடப்பதும் ஒத்துப்போவது. அங்கே இரண்டும் சமமில்லை. தொழிற்கூடத்தில் காற்றுச் சுரங்கமும் (கார் மாதிரியின் மீது காற்றை ஊதிச் சோதிக்கும் கூடம்) கணினியும் தரும் எண் வெறும் வாக்குறுதி. தடத்தில் கார் ஓடிக் காட்டுவதுதான் தீர்ப்பு. இரண்டும் முரண்பட்டால் தடம் தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், நடுப் பருவத்தில் ஓர் அணி தத்தளிப்பதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கார் மெதுவாக ஓடுகிறது, சரி. புதுப் பாகம் செய்து மாட்ட வேண்டியதுதானே? அந்தப் பாகத்தை வடிவமைக்கும் கருவியே பொய் சொல்கிறது என்றால் எதை நம்பி வெட்டுவது?

2022ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் தொடர்ந்து 8 ஆண்டுகள் அணிகளுக்கான பட்டத்தை வென்றவர்கள். அந்த ஆண்டு விதி மாறி, காரின் அடித்தட்டே தரையை நோக்கி உறிஞ்சும் வடிவம் வந்தது. வேகம் கூடக் கூடக் கார் தாழும். தரை இடைவெளி மிகக் குறுகியதும் அடியில் காற்றோட்டம் அறுந்துபோகும். உறிஞ்சல் விட்டதும் கார் எழும்பும். காற்று மறுபடி பாயும், மறுபடி தாழும். ஒரு நொடிக்குள் பல முறை. ஓட்டுநரின் தலை ஆடுவது ஒளிபரப்பிலேயே தெரிந்தது. இந்தத் துள்ளலைக் காற்றுச் சுரங்கம் முன்கூட்டிக் காட்டவில்லை. அங்கே நிற்பது அதிகபட்சம் 60 விழுக்காடு அளவுள்ள மாதிரி, காற்றின் வேகமும் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. தடத்தில் கார் 300ஐத் தாண்டி, வில்லமைப்பும் (சஸ்பென்ஷன்) டயரும் நசுங்கிக்கொண்டே ஓடுகிறது. அந்தப் பருவத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பந்தய வெற்றி, அதுவும் நவம்பரில், பிரேசிலில்.

சோதித்துப் பார்க்கலாம் என்றால் அதற்கும் கட்டுப்பாடு. பருவம் தொடங்கிவிட்டால் நடப்புக் காரை நினைத்தபோது ஓட்டிப் பார்க்க முடியாது. வழக்கமான பந்தய வாரத்தில் கிடைப்பது ஒரு மணி நேரப் பயிற்சி மூன்று. அதில்தான் பச்சை, மஞ்சள் வண்ணக் குழம்பை அடித்தட்டில் பூசி ஒரு சுற்று விடுவார்கள். கார் திரும்பியதும் காற்றில் குழம்பு இழுபட்ட கோடுகளைப் படமெடுத்துக் கணினிப் படத்தோடு ஒப்பிடுவார்கள். கோடு ஓரிடத்தில் வளைந்து சுழித்திருந்தால், கணினியிலோ நேராக இருந்தால், மாதக்கணக்கான வேலை கேள்விக்குறி. 2021இல் 14.5 கோடி டாலரில் தொடங்கிய, அணிகளுக்கான ஆண்டுச் செலவு வரம்பு வேறு இருக்கிறது. தவறான பாகத்துக்குச் செலவழித்தது திரும்பி வராது.

2024இல் ஃபெராரி அணி ஸ்பெயின் பந்தயத்துக்குக் கொண்டுவந்த புது அடித்தட்டு வேகமான வளைவுகளில் துள்ளலைக் கிளப்பியது. பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் தடத்தில் பழைய வடிவத்துக்குத் திரும்பினார்கள். அதற்கு நேர்மாறாக, 2023இல் மெக்லாரன் ஆஸ்திரியாவில் மாட்டிய பாகங்கள் எண்ணியபடியே வேலை செய்தன, பருவமே திரும்பியது. இரண்டு அணிக்கும் நடுவே உள்ள வேறுபாட்டுக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

> 'களவொப்பு' எப்படி? களம் + ஒப்பு.

புணர்ச்சி சரிதான், ஆனால் முதலில் காதில் விழுவது 'களவு'. 'தடவொப்பு' என்றாலும் தடவுவதுதான் நினைவுக்கு வரும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை விட்டு வல்லினத்துக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை. அதனால் நான் முன்வைப்பது தடப்பொருத்தம். அது கெடும்போது தடப்பிறழ்வு. "அணி தடப்பிறழ்வில் சிக்கியிருக்கிறது" என்றால் செய்தி வாசிப்பவருக்குப் பாதி விளங்கிவிடும். எது எதற்குப் பொருந்த வேண்டும் என்ற திசையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு குறை உண்டு. "புது இறக்கை பொருந்தவில்லை" என்று வினையாக எழுதினால், மாட்டும்போது திருகு சேரவில்லை என்று நினைத்துவிடுவார்கள். பாகத்தோடு வினையைச் சேர்க்காமல் "இறக்கையின் எண்கள் தடத்தோடு பொருந்தவில்லை" என்று எழுதினால் போதும்.

'தடம்' என்பதற்குக் கால்சுவடு என்ற பொருளும் இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். தடகளம் என்று விளையாட்டுப் பக்கத்தில் நாள்தோறும் படிக்கிறோம், அங்கே யாரும் குழம்புவதில்லை.

துள்ளலுக்குத் தனிக் கலைச்சொல் வேண்டுமா என்று அப்புறம் பேசலாம். எனக்குத் துள்ளலே போதும் என்று தோன்றுகிறது. உங்கள் கட்டுரையில் கோரிலேஷன் வரும் ஒரு பத்தியை இந்த இரண்டு சொற்களோடு எழுதி இங்கே இடுங்கள். எங்கே தட்டுகிறது என்று பார்ப்போம்.