மசாய் மாரா பயணம்: நான்கு பேருக்கு எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும்?

காரைக்குடி வளவு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பச்சிக்கு (எங்கள் வழக்கில் அப்பா) சென்ற ஆவணியில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. என்ன வேண்டும் என்று யார் கேட்டாலும் ஒன்றும் வேண்டாம் என்றே சொல்லிவந்தவர், ஒருநாள் பட்டாலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, கூண்டுக்கு வெளியே உலவும் சிங்கத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தம் ஆசையைச் சொன்னார். அப்பச்சி, ஆத்தா (அம்மா), நான், என் மனைவி என நான்கு பேரும் கென்யாவில் உள்ள மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குச் சென்றுவரலாம் என்று எண்ணுகிறோம்.

மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டேன். விமானக் கட்டணம் நீங்கலாக, ஐந்து இரவுகளுக்கு ஒருவருக்கு 70,000 ரூபாய் என்று ஒருவரும், 1,55,000 ரூபாய் என்று இன்னொருவரும், நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக மூன்றாமவரும் சொல்கிறார்கள். மூவர் காட்டும் படங்களிலும் அதே சிங்கம், அதே புல்வெளி. இவ்வளவு வேறுபாடு எதனால் வருகிறது என்பதும், எதில் சிக்கனம் பிடித்தால் பயணம் கெடாது என்பதும் எனக்கு விளங்கவில்லை. எங்களால் ஒன்பது இலட்சம் ரூபாய் வரை செலவிட முடியும். ஆத்தா சைவம்; முழங்கால் வலியும் உண்டு. அப்பச்சி ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்பவர் என்பதால் அவருடைய உடலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. விடுமுறை ஜூலையில் எளிதாகக் கிடைக்கும்; பிப்ரவரியிலும் கேட்டுப் பெறலாம். சென்றுவந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தேவகோட்டைப் பேரேடு (பதில்):

தம்பி, நாங்கள் இரண்டு குடும்பங்களாகச் சென்றுவந்தோம். பணத்துக்கு நானே பொறுப்பாக இருந்ததால் பைசா வாரியாக எழுதிவைத்திருக்கிறேன். எங்கள் ஐயா இரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன காலத்தில் கப்பல் கட்டணம் முதல் வெற்றிலை வரை எழுதிய சிட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சஃபாரிச் செலவில் நீங்கள் எந்தக் கட்டிலில் படுத்தாலும் மாறாத பகுதி ஒன்று உண்டு. மாராவின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு, 2024 முதல், ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். சாதாரணக் கூடாரத்தில் தங்குபவருக்கும் மாளிகை போன்ற லாட்ஜில் தங்குபவருக்கும் இது ஒன்றுதான். டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு மூன்று நாள் கட்டணம் பிப்ரவரியில் 1,08,000 ரூபாய், ஜூலையில் 2,16,000 ரூபாய். மாதத்தை மாற்றுவதாலேயே ஒரு இலட்சத்துக்கு மேல் மிச்சம் ஆகிறது. ஜூலையில் தங்குமிடங்களின் விலையும் உயர்ந்துவிடும் என்பதை இதில் நான் சேர்க்கவில்லை. வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கூட்டங்கள் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க விரும்புபவர்கள் ஜூலை முதல் அக்டோபர் வரையில்தான் செல்ல வேண்டும். உங்கள் அப்பச்சியின் ஆசை சிங்கத்தைப் பற்றியது. சிங்கம், சிவிங்கிப்புலி, யானை, ஒட்டகச்சிவிங்கி ஆகியவை மாராவில் ஆண்டு முழுவதும் இருப்பவை. பிப்ரவரி பெரும்பாலும் மழை குறைந்த மாதமும்கூட. மார்ச் இறுதியிலிருந்து மே வரை பெய்யும் பெருமழைக் காலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது வண்டி. ஓட்டுநர், எரிபொருள் உட்பட, கூரை உயரும் லேண்ட் குரூசர் ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 250 டாலர் ஆகும். நான்கு பேரும் தனியாக ஒரு வண்டி எடுத்தால் ஐந்து நாளுக்கு 1,12,500 ரூபாய். வேன் மலிவு; ஆனால் சேற்றிலும் பள்ளத்திலும் அது தடுமாறும். முன்பின் அறியாதவர்களுடன் ஒரே வேனில் ஏழு பேராகச் சென்றால் இன்னும் குறையும்; ஆயினும் சிங்கத்தின் முன் அரை மணி நேரம் நிற்க உங்களுக்கு மனம் இருக்கும்போது, மற்றவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

இனிக் கட்டிலுக்கு வருவோம். வாயிலுக்கு வெளியே, குளியலறையோடு கூடிய எளிய நிலைக்கூடாரத்தில் மூன்று வேளை உணவுடன் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 60 டாலர் அளவில் ஆகும். நடுத்தர லாட்ஜில் 200 டாலர் அளவில். உயர்தர முகாமில் 700 டாலரிலிருந்து மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகும். நைரோபியில் ஓர் இரவு, மாராவில் மூன்று, நைவாஷா ஏரிக் கரையில் ஒன்று என ஐந்து இரவுகளுக்குச் சராசரியாக இதே விலையை வைத்தால், நால்வருக்கும் 1,08,000 ரூபாய், 3,60,000 ரூபாய், 12,60,000 ரூபாய் என்று வருகிறது. சென்னையிலிருந்து விமானக் கட்டணமாகத் தலைக்கு 55,000 ரூபாய் என்று 2,20,000 ரூபாயும், மின்னணுப் பயண அனுமதிக்குத் தலைக்கு 30 டாலர் அளவில் 10,800 ரூபாயும், காப்பீடு, டிப்ஸ், தண்ணீர், அவசரத் தேவை ஆகியவற்றுக்கு 60,000 ரூபாயும் சேருங்கள். பிப்ரவரியில் எளிய வகைக்கு மொத்தம் 6,19,300 ரூபாய். நடுத்தர வகைக்கு 8,71,300 ரூபாய். உயர்தர வகைக்குப் பதினேழு இலட்சத்தைத் தாண்டும். அதே நடுத்தரப் பயணம் ஜூலையில் பத்து இலட்சத்தைத் தொடும்.

எளிய வகையில் தங்குமிடத்தின் பங்கு ஏறக்குறைய ஆறில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். அதை மேலும் குறைத்து, பொதுக் கழிப்பறை உள்ள கூடாரத்துக்குப் போனாலும் மிஞ்சுவது சிறிய தொகை. ஆத்தா படும் துன்பமோ பெரியது. சிக்கனம் வேண்டுமென்றால் மாதத்தில் பிடியுங்கள், கட்டிலில் ஓரளவு பிடியுங்கள். வண்டியிலும் ஓட்டுநரிலும் பிடிக்கவே வேண்டாம், ஏனெனில் விலங்கைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர்தான்.

மாராவின் நுழைவுச்சீட்டு இப்போது காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரைதான் செல்லும். நைரோபியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் பயணம் செய்து பிற்பகல் மூன்று மணிக்குச் சேர்ந்து, அன்றே உள்ளே சென்றால், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் கட்டணம் போகிறது. வாயிலுக்கு வெளியே தங்குபவர்கள் அன்று ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் விடியலில் நுழைவது நல்லது. உங்கள் கணக்கில் அது 36,000 ரூபாயை மிச்சப்படுத்தும். எங்களுக்கு இது முன்பே தெரியாமல் போனது.

புதுவயல் பயணி (பதில்):

தேவகோட்டை அண்ணனின் கணக்கு கென்யாவுக்குப் பொருந்தும். நான் நண்பர்களோடு தான்சானியாவில் கூடாரம் அடித்துத் தங்கியவன் என்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அங்கே மிகக் குறைந்த செலவில் செல்ல நினைத்தாலும் அரசுக் கட்டணங்கள் விடாது. செரங்கெட்டி தேசியப் பூங்காவில் முக்கியப் பருவத்தில் ஒருவருக்கு 24 மணி நேரத்துக்கு 70 டாலர். அதன்மேல் 18 விழுக்காடு வரி சேர்ந்து 82.60 டாலர் ஆகிறது. கொரங்கோரோ எரிமலைப் பள்ளத்தைச் சுற்றிய காப்பகத்தில் 60 டாலரும் அதே வரியும். பள்ளத்தின் உள்ளே இறங்க வண்டிக்குத் தனியாக 250 டாலரும் வரியும் கட்ட வேண்டும். இது வண்டிக்கு உரியது என்பதால் இருவர் சென்றால் சுமை, ஆறு பேர் சென்றால் தாங்கலாம். பொதுக் கூடாரத் திடலில் படுப்பதற்கும் தலைக்கு 30 டாலரும் வரியும் உண்டு. ஆகவே கூடாரம் என்றவுடன் இலவசம் போல எண்ணிவிடக் கூடாது.

கொரங்கோரோவின் விளிம்பு நம் கொடைக்கானலைவிட உயரமானது. இரவுக் குளிரில் எங்களுக்கு உறக்கமே வரவில்லை. செரங்கெட்டியின் திடலில் வேலி கிடையாது. நள்ளிரவில் கழிப்பறைக்குச் செல்ல, டார்ச் வெளிச்சத்தில் நாலாபுறமும் பார்த்துவிட்டு நடக்க வேண்டும். கழுதைப்புலியின் குரல் மிக அருகில் கேட்கும். என் வாழ்நாளில் நான் மறக்க விரும்பாத இரவுகள் அவை. ஆனால் முழங்கால் வலி உள்ள ஆத்தாவை அங்கே அழைத்துச் செல்லும்படி நான் சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் தெற்குச் செரங்கெட்டியின் ந்தூத்து சமவெளியில் வில்டபீஸ்ட்கள் கன்று ஈனும் காலம் என்பதும், கன்றுகளைத் தேடி சிங்கங்கள் அங்கே கூடும் என்பதும் உண்மை. இருந்தாலும் உங்கள் தொகைக்கும் நாட்களுக்கும் மாராவே ஏற்றது.

பள்ளத்தூர் மருமகன் (பதில்):

யாரும் தென்னாப்பிரிக்காவைச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். குரூகர் பூங்காவில் நாமே வாடகைக் காரை ஓட்டிக்கொண்டு செல்லலாம்; அங்கும் நம் ஊர்போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகமே உச்சம். ஸ்குகூசா, லோயர் சாபி, சட்டாரா போன்ற அரசு முகாம்களில் வேலிக்குள் நல்ல அறைகளும், பல குடில்களில் சமையல் வசதியும் உண்டு. என் மாமியார் அங்கே ரசம் வைத்துச் சாப்பிட்டார். வழிகாட்டிக்கும் சிறப்பு வண்டிக்கும் ஆகும் செலவு இல்லை என்பதால், நடுத்தர வசதியை எளிய வகையின் செலவில் பெற முடிகிறது.

குறைகளும் உண்டு. விலங்கைத் தேடும் கண் நமக்குப் பழகியிருக்க வேண்டும்; முகாமைத் தாண்டினால் காரைவிட்டு இறங்கக் கூடாது; விசாவுக்கு ஆவணங்கள் நிறையக் கேட்கிறார்கள். புல் காய்ந்து விலங்குகள் நீர்நிலைக்கு வரும் மே முதல் செப்டம்பர் வரையே அங்கே நல்ல காலம் என்பதால், பிப்ரவரி என்று முடிவு செய்தால் இதை மறந்துவிடுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி (பதில்):

தம்பி, அப்பச்சியின் உடலைப் பற்றிக் கவலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் சற்று நிற்க வேண்டும். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அது செல்லுபடியாகும். சான்று இல்லாதவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் போதும். ஆனால் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியால் கடும் பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்பு இளையவர்களைவிடக் கூடுதல். அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே அப்பச்சியை மருத்துவரிடம் அழைத்துச் சென்று கேளுங்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உயர்தர முகாமில் தங்கியவள் என்ற முறையில் இன்னொன்று சொல்கிறேன். அங்கே கொடுக்கும் கூடுதல் பணம் மெத்தைக்கு மட்டும் உரியதன்று. மாராவை ஒட்டி, மசாய் இனக் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் காப்பு நிலங்கள் இருக்கின்றன. நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, வடக்கு மாரா ஆகியவை அவற்றுள் சில. அங்கே தங்கும் விருந்தினர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்பதால், ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது வண்டிகள் நிற்கும் காட்சி இல்லை. பூங்காவுக்குள் அனுமதி இல்லாத இரவுச் சவாரியும் உண்டு. குத்தகைப் பணம் நிலத்துக்கு உரிய குடும்பங்களுக்குப் போய்ச் சேர்கிறது என்பது எனக்கு மனநிறைவு தந்தது. ஐந்து இரவும் அப்படித் தங்க வேண்டியதில்லை. எளிய கூடாரத்தில் இரண்டு இரவும், காப்பு நிலத்தில் கடைசியாக ஓர் இரவும் தங்கினால், நடுத்தர லாட்ஜில் எல்லா இரவும் தங்குவதைவிட அதிகம் பார்ப்பீர்கள்.

உணவைப் பற்றி ஆத்தா அஞ்ச வேண்டாம். குஜராத்தி மக்கள் தலைமுறைகளாக வாழும் நாடு என்பதால், முன்கூட்டிச் சொன்னால் பருப்பும் சப்பாத்தியும் சமைத்துத் தருகிறார்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகலாம். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் அவற்றை டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி வளவு:

தேவகோட்டை அண்ணனுக்கும் ஆச்சிக்கும் மற்ற இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை அப்பச்சியிடம் படித்துக் காட்டினேன். அவர் தாமே ஒரு தாளில் ஐந்தொகை போட்டார். தைப்பூசம் முடிந்து, பிப்ரவரி நடுவில் புறப்படுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மாராவில் வாயிலுக்கு வெளியே இரண்டு இரவு, காப்பு நிலத்தில் ஓர் இரவு. மலிவாக விலை சொன்ன நிறுவனத்திடம் மீண்டும் பேசினேன். அந்த 70,000 ரூபாயில் நுழைவுக் கட்டணம் சேரவில்லை என்பதையும், வண்டி பொது வேன் என்பதையும் கேட்ட பிறகே சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். அவர் சொல்வதைப் பொறுத்தே முன்பணம் கட்டுவேன்.

தேவகோட்டைப் பேரேடு:

நல்ல முடிவு. காப்பு நிலத்துக்கு மாறும் நாளில் மாராவுக்குள்ளும் சென்றால், மாராவின் கட்டணம், காப்பு நிலத்தின் கட்டணம் இரண்டும் விழும். அன்று எந்தப் பக்கம் சுற்றுவது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிப்ஸுக்கு நாளொன்றுக்கு வண்டிக்கு 15 டாலர் அளவில், சிறு நோட்டுகளாக எடுத்துச் செல்லுங்கள். பழைய வரிசை டாலர் நோட்டுகளை அங்கே பலர் வாங்குவதில்லை என்பதால் வங்கியில் புதியவையாகக் கேளுங்கள். பயண நிறுவனம் பிடிக்கும் டிசிஎஸ் வரிக்கான சான்றைப் பணம் கட்டுபவரின் கோப்பில் வைத்துவிடுங்கள்; வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதை ஈடுசெய்துகொள்ளலாம்.