வைஃபை விளக்கு எரிகிறது, பிரிண்டர் மட்டும் ‘ஆஃப்லைன்’. யாராவது உதவுங்களேன்

சுங்கை சிப்புட் டீச்சர்:
வணக்கம். போன வாரம் சாயங்கால மழையில் இடி இறங்கி ரவுட்டர் போய்விட்டது. பிளக்கைப் பிடுங்க மறந்தது என் தப்புதான். எஸ்டேட் தோட்டத்தில் குடியிருந்தபோது முதல் இடிக்கே அம்மா ஓடிப்போய் டிவி வயரை உருவிவிடுவார். புது ரவுட்டர் மாட்ட வந்தவரிடம், பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே போடச் சொன்னேன். எல்லாச் சாமானும் தானாக ஏறிக்கொண்டது. பிரிண்டரிலும் நீல விளக்கு நின்று எரிகிறது. ஆனால் லேப்டாப் ‘ஆஃப்லைன்’ என்கிறது. போனில் பிரிண்டர் பெயர் தெரிகிறது, அனுப்பினால் அப்படியே நிற்கிறது. யுஎஸ்பி வயரில் மட்டும் அடிக்கிறது. எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) டியூஷனுக்குப் பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். கடையில் நகல் எடுத்தே காசு கரைகிறது.

கம்பார் பையன்:
லேப்டாப்பில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள் அக்கா.

சுங்கை சிப்புட் டீச்சர்:
இரண்டு தடவை போட்டாச்சு தம்பி.

பழைய வயர்மேன்:
டிரைவரை விடுங்கள். யுஎஸ்பியில் அடித்தால் டிரைவரிலும் குறையில்லை, பிரிண்டரிலும் குறையில்லை. எனக்கு இரண்டு ஐபி எண் வேண்டும், அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள முகவரி. லேப்டாப்பில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்ற கறுப்புத் திரையைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளை கொடுத்தால் ஒன்று வரும். பிரிண்டர் மெனுவில் நெட்வொர்க் விவரத் தாளை அடித்தால் இன்னொன்று.

சுங்கை சிப்புட் டீச்சர்:
லேப்டாப் 192.168.0.104. பிரிண்டர் 192.168.1.50. இரண்டிலும் மாஸ்க் 255.255.255.0.

பழைய வயர்மேன்:
அகப்பட்டது. மாஸ்க் என்பது முகவரியில் எதுவரை ஒரே நெட்வொர்க் என்று காட்டும் எண். அந்த மாஸ்க்குக்கு முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்களுக்கு மூன்றாவது எண் 0, 1 என்று பிரிந்திருக்கிறது. முதல் மூன்று எண் தாமான் (குடியிருப்புப் பகுதி), கடைசி எண் வீட்டு நம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது ரவுட்டர் எல்லாரையும் வேறு தாமானுக்குக் குடிமாற்றிவிட்டது. பிரிண்டர் மட்டும் பழைய முகவரியை விடமாட்டேன் என்கிறது. யாரோ அதில் ஐபியைக் கையால் நிரந்தரமாகப் போட்டிருக்கிறார்கள். விளக்கு எரிவது வைஃபையோடு சேர்ந்துவிட்டது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. போனில் பெயர் தெரிவதும் அப்படித்தான்: பிரிண்டர் தன் பெயரைப் பொதுவில் கூவுகிறது, அது காதில் விழுகிறது, முகவரிக்குப் போனால் வழி இல்லை.

பிரிண்டரின் ஐபி அமைப்பில் ‘மேனுவல்’ என்பதை ‘ஆட்டோ’வுக்கு மாற்றி, அணைத்துப் போடுங்கள்.

சுங்கை சிப்புட் டீச்சர்:
இப்போது 192.168.0.107. போனிலிருந்து அடிக்கிறது! லேப்டாப் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது அண்ணா.

பழைய வயர்மேன்:
லேப்டாப் இன்னும் 1.50க்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். விண்டோஸில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ், அதில் போர்ட்ஸ். புதிதாக ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ சேர்த்து 192.168.0.107 என்ற முழு எண்ணைக் கொடுங்கள். அதற்கு முன்னால், ரவுட்டரின் அமைப்புத் திரையில், பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியோடு வரும் அடையாள எண்) அந்த எண்ணையே ரிசர்வ் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் என்றாவது ஒரு நாள் எண் மாறி, மறுபடி இதே இழைக்கு வருவீர்கள்.

ஈப்போ ராஜா:
இத்தனை பாடு எதற்கு? ரவுட்டரின் முகவரியை 192.168.1.1 என்று மாற்றியிருந்தால் பிரிண்டரையும் லேப்டாப்பையும் தொட வேண்டியதே இல்லையே.

பழைய வயர்மேன்:
அதுவும் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண்களில் 50 இருந்தால், யாராவது விருந்தாளி போனுக்கு அது போய், ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள். அதை ஒதுக்கி வைக்கத் தெரிந்தால் உங்கள் வழியே சுருக்கம்.

சுங்கை சிப்புட் டீச்சர்:
ரிசர்வ் செய்து, போர்ட்டையும் மாற்றிவிட்டேன். இலக்கணத் தாள் பதினொன்றும் வந்துவிட்டது. 50 என்று போட்டது என் தம்பியாம். “நம்பர் மாறக்கூடாதுன்னுதான்கா போட்டேன்” என்கிறான். திட்டவும் முடியவில்லை.