தெலுங்கு மட்டுமே தெரிந்த எங்கள் மகளுக்காக ஒரு யோசனை வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் திருத்தணியிலிருந்து நகரி போகிற வழியில் இருக்கிறோம். ஆந்திராவிலுள்ள ஒரு மையத்திலிருந்து மூன்றரை வயது மகள் எங்களிடம் வந்து 12 நாள் ஆகிறது. காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம்) வழியாகத்தான் வந்தாள்; மாவட்ட ஆட்சியரின் தத்து உத்தரவு இனிமேல்தான் வரவேண்டும். அதனால் படமும் பெயரும் போடவில்லை.

நேற்று ஞாயிறு. காலையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆளுக்கொரு கவுன், வளையல், பொம்மை. அவளும் சிரித்துக்கொண்டே எல்லார் இடுப்பிலும் ஏறி உட்கார்ந்தாள். "என்ன சமத்து, அழவே இல்லையே" என்றார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. யார் கூப்பிட்டாலும் போகிற பிள்ளைக்கு அம்மா யாரென்று இன்னும் பிடிபடவில்லை என்றுதானே அர்த்தம்?

மூன்று மணிக்கு ஆளைக் காணோம். அரிசி மூட்டைக்குப் பின்னால், கையில் அரை இட்லியோடு ஒண்டியிருந்தாள். "இண்டிகி போதாம்" (வீட்டுக்குப் போகலாம்) என்றாள். எந்த வீட்டுக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெலுங்கு தெரிந்த என் மாமியார்தான் மடியில் போட்டுப் பேசிப் பேசித் தூங்கவைத்தார்.

தத்தெடுத்தவர்கள் சொல்லுங்கள். வருகிறவர்கள் மனம் நோகாமல் எப்படித் தள்ளிப்போட்டீர்கள்? கிருத்திகைக்கு மலைக்குக் கூட்டிப்போய் மொட்டை போடவேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். அந்தக் கூட்டமும் கத்தியும் இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். வீட்டில் தெலுங்கிலேயே பேசலாமா, தமிழையும் கலக்கலாமா? தலையணைக்கடியில் பிஸ்கட் ஒளித்துவைக்கிறாள். எடுக்காமல் விட்டிருக்கிறேன், சரிதானா?

தெலுங்குத் தாலாட்டு தெரிந்தவர்கள் குரலில் பதிந்து அனுப்புங்கள். எட்டு மணிக்குள் கிடைத்தால் இன்றைக்கே பாடிவிடுவேன்.