புதுப்பிப்பு: மாடிப்படி டூ-வே சுவிட்ச் இப்போது சரியாக வேலை செய்கிறது

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. பிரச்சினை இதுதான்: ஒரே லைட்டை மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்க இரண்டு டூ-வே சுவிட்ச்கள் உள்ளன. உடைந்த மேல்மாடி சுவிட்சை மாற்றியபின், கீழ் சுவிட்ச் ஒரு நிலையில் இருந்தால்தான் மேலிருந்து லைட்டைப் போட முடிந்தது. மேல் சுவிட்சுக்கு வரும் மூன்று வயரும் சிவப்பு, அடையாளம் இல்லை.

கீழ் சுவிட்சையும் மாற்றச் சொன்ன யோசனை தேவைப்படவில்லை. "காமன் வயர் இடம் மாறியிருக்கும்" என்றவர் சொன்னதே சரி. காமன் என்பது, சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் மற்ற இரண்டு முனைகளில் ஒன்றோடு சேரும் பொது முனை; அதில் மாட்ட வேண்டியதே காமன் வயர்.

எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்து, மூன்று வயரையும் கழற்றி ஒன்றோடொன்று படாமல் விலக்கி வைத்தேன். மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால் டெஸ்டர் இரண்டு வயர்களில் எரிந்தது. இது எதிர்பாராதது. ஒன்றில்தான் நிஜ மின்சாரம்; மற்றதில் இருப்பது பக்கத்து வயரின் தூண்டலால் வரும் பொய் மின்னழுத்தம். டெஸ்டரை மட்டும் நம்பினால் குழப்பம்தான். 15 வாட் குண்டு பல்பை வயருக்கும் நியூட்ரலுக்கும் இடையே பிடித்ததும் தெளிவானது: கீழ் சுவிட்சைத் தட்டத் தட்ட அந்த இரண்டும் மாறி மாறி எரிந்தன. எந்த நிலையிலும் எரியாத மூன்றாவது, லைட்டுக்குப் போகும் வயர். அதுதான் இங்கே காமன். (மின்சாரம் கொண்டுவரும் பேஸ் வயர் நேராக வந்து சேரும் சுவிட்ச் பெட்டி என்றால், எந்நிலையிலும் எரியும் வயரே காமன்.)

மறுபடி எம்.சி.பி.யை அணைத்து, அதை நடு முனையில் மாட்டினேன். மற்ற இரண்டும் எப்படி மாறினாலும் பாதகமில்லை. நடு முனைதான் காமனா என்று மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் பார்ப்பது நல்லது: காமனுக்கும் ஓரத்து முனைகளுக்கும் இடையே நிலைக்கு ஒன்றாகத் தொடர்பு காட்டும், ஓரத்து இரண்டுக்கும் இடையே ஒருபோதும் காட்டாது.