பின்னாடி பிளர் ஆக்குன போட்டோ, மனசுல நிக்கிற அனுபவம் இருந்தா சொல்லுங்

பெருந்துறையான்:
ஹீலியாஸ் 44-2ங்கற பழைய லென்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு நான் ஒண்ணும் புதுசா சொல்ல வேண்டியதில்லீங், 58 எம்எம், எஃப் 2 (இந்த எஃப் எண்ணு கொறையக் கொறைய லென்ஸ் அகலமா தொறக்கும், பின்னாடி இன்னும் மங்கும்), ஜெர்மனிக்காரன் பயோட்டார் லென்ஸைப் பாத்து ரஷ்யாவுல பண்ணுனது, பின்னாடி எலைதழை இருந்தா சுத்திச் சுத்தி வரும். ஆடி அமாவாசைக்கு எங்க அப்பாருக்குத் திதி குடுக்க பவானி கூடுதுறை போனப்ப இதைத்தான் மாட்டிட்டுப் போனேன். படித்துறையில ஒரு ஆத்தா ஈரச்சேலைத் தலைப்பைப் புழிஞ்சுட்டு நின்னுச்சு. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா ஆத்தான்னு கேட்டதும் தலையெல்லாம் கோதிட்டு, நாலு எட்டு அக்கட்டால நகந்து போயி நின்னுச்சு. எதுக்கு நகருதுன்னு எனக்கு வெளங்கல. எடுத்துட்டு ஸ்க்ரீன்ல காட்டுனா, மூஞ்சியில ஒவ்வொரு சுருக்கமும் எண்ணலாம், தாடையில ஒரு சொட்டுத் தண்ணி தொங்குது, பின்னாடி அரசமரத்து எலையெல்லாம் அப்படியே சுழலுது. கேமராவைக் கையில வாங்கி கிட்டக்க வெச்சுப் பாத்துட்டு, "ஏங்கண்ணு, எம்பொறத்தால இருந்த கோபுரத்தை எங்க கொண்டு போயி வெச்சே?"ங்குது. கோபுரம் விழுகோணும்னுதான் நகந்து நின்னிருக்குது! இருங்காத்தா எஃப் 8ல இன்னொண்ணு எடுக்கறேன்னு வளையத்தைத் திருகறதுக்குள்ள (அதுல ரெண்டு வளையம், ஒண்ணுல எண்ணை வெச்சுட்டு இன்னொண்ணைத் திருகோணும்) பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அதும்பட பையன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். அந்தப் போட்டோவுக்கு நல்ல லைக்கு. எனக்கு அதைத் தொறந்தாலே கோபுரம் எங்கன்னுதான் காதுல விழுகுது.

ஒத்தக்கால்மண்டபத்தான்:
அருமைங். ஆனா ஒண்ணு, சுழல் வர்றது எஃப் 2ல வெச்சதால மட்டும் இல்லீங். லென்ஸோட ஓரத்துல சாஞ்சு வர்ற வெளிச்சத்தை லென்ஸ் கூடே கொஞ்சம் வெட்டிப்புடும், அதனால நடுவுல வட்டமா இருக்கற புள்ளி ஓரத்துக்குப் போகப்போக பூனைக்கண்ணாட்ட நெளிஞ்சு நடுவைச் சுத்தி நிக்கும், அதான் சுத்தற மாதிரி தெரியறது. அதுக்கு ஆளு ஒரு ஒண்ணரை மீட்டர்ல இருக்கோணும், எலை அதுக்குப் பின்னாடி நாலஞ்சு மீட்டர்ல இருக்கோணும், எலைக்கு நடுவுல வானம் பொத்தல் பொத்தலா தெரியோணும், வெறும் செவுத்துக்கு முன்னாடி நிக்க வெச்சா ஒண்ணும் வராது. கிராப் சென்சார்ல, அதாவது சின்ன சென்சார் கேமராவுல, ஓரமே வெட்டுப்பட்டுப் போறதால பாதி சுழல் அங்கயே போச்சு. அப்புறம் அடாப்டர், லென்ஸை வேற கேமராவுல மாட்டறதுக்கு நடுவுல போடற வளையம். ஹீலியாஸாட்ட எம்42 திருகு லென்ஸுக்கு சென்சார்ல இருந்து 45.46 எம்எம் தூரம் வேணும், கேனான் ஈஎஃப் பாடியில 44 தான், அதனால அடாப்டருக்கு எடம் இருக்குது, நிக்கான் எஃப் மவுண்ட் 46.5, அங்க கண்ணாடி வெச்ச அடாப்டர் இல்லாம தூரத்துல இருக்கறது ஃபோகஸே ஆகாது. மிரர்லெஸ் கேமராவுல அந்தத் தூரம் இன்னும் கம்மி, இந்தத் தொல்லையே இல்ல. வாங்கறப்ப டார்ச் அடிச்சு உள்ள பூஞ்சை இருக்குதான்னு பாருங்க, வெளிச்சம் வர்ற ஓட்டையைச் சுருக்கற எட்டு பிளேடுலயும் எண்ணெய் கசிஞ்சிருக்குதான்னு பாருங்க.
என் அனுபவம்னா, ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புல எடுத்தேன், நல்லா வந்துச்சு.

பெருந்துறையான்:
ஏனுங், லென்ஸ் எங்கிட்ட இருக்குதுங். கோபுரத்தைப் பத்தித்தான் சொன்னேன்.

திருப்பூர் அம்மிணி:
நான் போட்டோகிராபர் இல்லைங்க. படிச்சுட்டுப் போலாம்னுதான் வந்தேன், அந்த ஆத்தா கேட்டதைப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல. எங்கண்ணன் கல்யாணத்துல நான்தான் இணைச்சீர்க்காரி. நம்ம பக்கத்துக் கல்யாணத்துல அந்தச் சீர் எவ்வளவு பெரிசுன்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, கூறைச்சேலையோட ஒரு முனை எங்கிட்ட, மறு முனை அண்ணன் கையில, சீரை நடத்தி வெக்கற அருமைக்காரர் சொல்லச் சொல்ல நடக்குது, எங்கம்மா ஒரு பக்கம் அழுகறாங்க. ஆல்பம் வந்துச்சு. ரெண்டு பக்கத்துக்குப் பெரிசா அந்தப் போட்டோ. அண்ணன் மீசையில ஒவ்வொரு மயிரும் தெரியுது, கையில புடிச்சிருக்கற சேலைக்கரையில ஜரிகை நூல் தெரியுது, அந்தச் சேலை அப்படியே மங்கிக்கிட்டே போயி என்கிட்ட வர்றப்ப நான் ஒரு மஞ்ச கலர் மூட்டம். எனக்குப் பின்னாடி மண்டபத்து சீரியல் லைட்டெல்லாம் லட்டு லட்டா உருண்டையா தொங்குது, அது என்னமோ என் மூஞ்சியை விட நல்லா தெரியுது. ஒறம்பரை அத்தனை பேரும் என்ன அழகு என்ன அழகுன்னு சொல்றாங்க. ஸ்டுடியோவுல கேட்டதுக்கு "அதாங்க்கா இப்ப ஸ்டைலே"ன்னான் அந்தத் தம்பி. அந்தச் சீர்ல என் மூஞ்சி தெரியற போட்டோ வேற ஒண்ணுகூட இல்லைங்க.

அவிநாசி ஸ்டுடியோ:
அக்கா, கோவிச்சுக்காதீங்க, அந்தத் தம்பி நான் இல்ல. ஆனா அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்குது. மண்டபத்துல முகூர்த்தம் விடியக்காலம், வெளிச்சம் இருக்காது, வீடியோக்காரன் எல்ஈடியை எங்கியோ திருப்பி வெச்சிருப்பான், மாமன் மச்சான் எல்லாம் மணவறையைச் சுத்தி நின்னுக்குவாங்க, நடுவுல கைய விட எடம் இருக்காது. 85 எம்எம் எஃப் 1.4 லென்ஸ்தான் காப்பாத்தும். ரெண்டு மீட்டர்ல நின்னா ஃபுல் ஃப்ரேம்ல (பெரிய சென்சார் கேமரா) ஷார்ப்பா நிக்கற ஆழம் சுமார் 5 சென்டிமீட்டர்தான், எஃப் 4 வெச்சாக்கூட 13 சென்டிமீட்டர் பக்கம்தான் வரும். ரெண்டு மூஞ்சியும் ஒரே நேர்கோட்டுல இல்லைன்னா ஒருத்தர் போயிருவாங்க, அது கணக்கு.

ஒத்தக்கால்மண்டபத்தான்:
கணக்கெல்லாம் சரிதானுங். ரெண்டு பேரு செய்யற சீருக்கு எதுக்கு 85 1.4? 35 எம்எம் மாட்டி, எஃப் 4 வெச்சு, ஃபிளாஷை சீலிங்ல அடிச்சா முடிஞ்சுது. வாங்குன லென்ஸுக்கு வேலை குடுக்கோணும்னு கல்யாண ஊட்டுல எடுக்கக் கூடாது. பிளர்தான் வேணும், அதுவும் வெண்ணெயா வேணும்னா சோனியில 100 எம்எம் எஸ்டிஎஃப்ங்கற லென்ஸ் இருக்குது, உள்ள ஒரு கண்ணாடி ஓரத்துல கருக்கும், அதனால உருண்டைக்கு விளிம்பே தெரியாம கரைஞ்சு போகும், ஆனா எஃப் 2.8ன்னு பேருதான், வெளிச்சம் 5.6 அளவுக்குத்தான் உள்ள வரும். அதை மண்டபத்துல வெச்சு…

அவிநாசி ஸ்டுடியோ:
சீலிங் இருபது அடி ஒசரத்துல இருக்கற மண்டபம் எல்லாம் நீங்க பாத்ததில்ல போல.

திருப்பூர் அம்மிணி:
தம்பி, கணக்கு சரி. எடுத்துட்டு ஒருக்கா ஸ்க்ரீனைப் பாத்திருந்தா போதுமே, அடுத்த போட்டோவுல என்னைப் புடிச்சிருக்கலாம். அவ்வளவுதான் நான் கேக்கறது.

காங்கேயத்துக்காரன்:
இது போனுல நடந்தது, லென்ஸ் கதை இல்ல, பரவால்லீங்களா. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டறதுக்கு முன்னாடி எங்க பெரியப்பா ஒரு மயிலைக் காளையை வாட்ஸப்லயே காட்டி வெலை பேசிரலாம்னு என்னை எடுக்கச் சொன்னாரு. போர்ட்ரெய்ட் மோடு போட்டேன், கட்டுத்தறி, சாணி, தண்ணித் தொட்டி எல்லாம் மங்கி, மாடு மட்டும் ராசாவாட்ட நிக்குது. அனுப்பிச்ச கொஞ்ச நேரத்துல தாராபுரத்துல இருந்து போன்: "ஏனுங் மச்சா, கொம்பு ஒடஞ்ச மாட்டுக்கா இந்த வெலை சொல்றீங்க?" எடுத்துப் பெரிசாக்கிப் பாத்தா எடது கொம்போட நுனி ஒரு சாண் அப்படியே பின்னாடி இருக்கற பனையோலையோட கரைஞ்சு போயிருக்குது. போன் என்ன பண்ணுதுன்னா, எது கிட்ட, எது தூரம்னு அதுவா ஒரு யூகம் பண்ணி, தூரம்னு நெனைக்கறதை மேல மொழுகிவிடுது. முடி, மல்லிப்பூ, கொம்பு நுனி இந்த மாதிரி சன்னமான எடத்துல தடுமாறும். பெரியப்பாவுக்கு இதை வெளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு, "நல்ல மாட்டைப் போயி மூளி ஆக்கிப்புட்டியே"ன்னு சந்தை முடியற வரைக்கும் அதே பேச்சு.

டவுன்ஹால்:
கோயமுத்தூர் கோனியம்மன் தேர், ராஜவீதி. தேர் மேல உப்பு வீசுவாங்க தெரியுமில்ல, மத்தியான வெயிலுக்கு எதிர்ல நின்னு எடுத்தேன். பழைய கேனான் 50 எம்எம் 1.8, அந்த அஞ்சு பிளேடு வெச்சது, எஃப் 2.8. அப்பன் தோள் மேல ஒரு புள்ள ஒக்காந்து கை நெறைய உப்பை வீசுது, அவ கண்ணுல ஃபோகஸ். வீசுன உப்பு அத்தனையும் காத்துல ஃபோகஸ் விட்டு, பிளேடு எண்ணிக்கைக்குத் தக்க அஞ்சு மூலையா பளபளன்னு நிக்குது, ஒவ்வொரு கல்லும் ஒரு சைஸ், அவ மூக்குக்கு நேரா ஒண்ணு பெரிசா. பாக்கறவன் எல்லாம் ஆப்ல போட்டதான்னு கேக்கறான். அடுத்த மாசித் தேருக்கு அதே 50ல புதுசான எஸ்டிஎம் வாங்கிட்டேன், அதுல ஏழு பிளேடு, வளைவா இருக்கும், உருண்டை நல்ல உருண்டையா வருது, எல்லாரும் இதான் நல்ல பொக்கே (மங்கற அழகு)ங்கறாங்க. எனக்கு என்னவோ உப்புக்கு மூலை இருந்தாத்தான் உப்பு.

அவிநாசி ஸ்டுடியோ:
அஞ்சு மூலை எல்லாம் பழைய லென்ஸோட கொறைங்க, அதைப் போயி…

டவுன்ஹால்:
கொறையோ நெறையோ, அந்தப் போட்டோ எங்க ஊட்டு செவுத்துல இருக்குது.

பெருந்துறையான்:
காங்கேயத்தாரே, மாடு வித்துச்சுங்களா?

காங்கேயத்துக்காரன்:
வித்துதுங். போனுல பாத்தவரு வரவே இல்ல. சந்தையில மூலனூர்க்காரர் ஒருத்தர் வந்து பல்லைப் பாத்து, கொம்பைத் தடவிப் பாத்துட்டு ஓட்டிட்டுப் போயிட்டாரு.

ஒத்தக்கால்மண்டபத்தான்:
மாட்டுக்கு 70-200 லென்ஸ்தானுங் சரி, 135 எம்எம் பக்கம் வெச்சு, எஃப் 5.6ல, கொம்பும் கண்ணும் ஒரே நேரா வர்ற மாதிரி பக்கவாட்டுல நின்னு…