விதி ஸ்கிரிப்டைக் கைப்பேசிக்கு அனுப்பி ஓட்டலாமா?

செம்பனை_நிரலர் (சுங்கை சிப்புட்):
அண்ணன்மார்களே, செம்பனைத் தோட்டத்தில் மண்டோர்கள் (வேலை மேற்பார்வையாளர்கள்) வெட்டிய குலைக் கணக்கை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பதிகிறார்கள். உள் டிவிஷன்களில் கைப்பேசி லைன் கிடையாது. ஆபீஸ் வைஃபை பிடித்ததும் சர்வருக்குப் போகும். பழுக்காத குலைக்குப் பிடித்தம், போனஸ் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அவற்றை லுவா (சிறு நிரல் மொழி) ஸ்கிரிப்டாக டிஜிட்டல் கையெழுத்திட்டு அனுப்பினால் போதுமா? இல்லை, ஜாவா ஜாராக (தொகுத்த நிரல் கோப்பு) அனுப்பி, நிரலின் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் செக்யூரிட்டி மேனேஜரில் அடைக்கலாமா?

நிரல்_கிராணி:
ஜார் வேண்டாம் தம்பி. செக்யூரிட்டி மேனேஜர் ஆண்ட்ராய்டில் என்றுமே அரணாக இருந்ததில்லை. 2021-ல் வந்த ஜாவா 17 அதைக் கழிக்கப்போகும் பட்டியலில் வைத்துவிட்டது. பிளே ஸ்டோர் செயலி வெளியிலிருந்து டெக்ஸ் (ஆண்ட்ராய்டு ஓட்டும் நிரல் கோப்பு), ஜார் இறக்குவதும் கூகுள் விதிக்கு விரோதம்.

லுவா சரி. ஆனால் கையெழுத்து, அனுப்பியவர் யார் என்று காட்டுமே தவிர ஸ்கிரிப்ட் என்ன செய்யும் என்று காட்டாது. ஸ்கிரிப்டை அடைப்புக்கு வெளியே எட்டவிடும் ஐஓ, ஓஎஸ், டீபக், பேக்கேஜ் நூலகங்களை ஏற்றாதீர்கள். வேறு நிரலை ஏற்றும் லோட், லோட்ஃபைல், டூஃபைல் மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஏற்றும்போது மூல உரையை மட்டும் ஏற்கும் 'டி' மோட் கட்டாயம். லுவா 5.2 முதல் பைட்கோடுக்கு (மூல உரையைத் தொகுத்த வடிவம்) சரிபார்ப்பி இல்லை. கெட்ட பைட்கோடு செயலியின் நினைவகத்தையே குலைக்கும். முடியாத லூப்பை, இத்தனை கட்டளைக்கு ஒருமுறை குறுக்கிடும் கவுண்ட் ஹுக் நிறுத்தும். ஆனால் உரையைத் திரும்பத் திரும்ப ஒட்டும் ஸ்ட்ரிங்.ரெப் சி மொழி நிரலாக ஓடுவதால் அதன் நடுவே ஹுக் எட்டாது. அதற்கு நினைவகம் ஒதுக்கும் அலொகேட்டரிலேயே வரம்பு வையுங்கள்.

காவல்_பிட்:
வெளியார் எழுதும் விதிகள் என்றால் வெப்அசெம்ப்ளிதான் (அடைப்புக்குள் ஓடும் தொகுத்த நிரல் வடிவம்) என் தேர்வு. ஓடுமுன் சரிபார்க்கப்படும், இம்போர்ட்டாக நீங்கள் கொடுக்காத எதையும் தொடாது. உங்கள் ஆட்களே எழுதும் பத்து வரிக்கு லுவா போதும்.

ஒரு ஓட்டை பாக்கி: பழைய ஸ்கிரிப்டின் கையெழுத்தும் செல்லும். பதிப்பு எண்ணையும் ஸ்கிரிப்டோடு சேர்த்து எட்25519 என்ற முறையில் கையெழுத்திடுங்கள், கையெழுத்து 64 பைட்தான். கையிலிருப்பதைவிடச் சிறிய எண் வந்தால் கைப்பேசி மறுக்கட்டும்.

செம்பனை_நிரலர்:
இரண்டு நாள் லைன் இல்லாத கைப்பேசி பழைய விதியில் கணக்குப் போட்டால்?

நிரல்_கிராணி:
கைப்பேசி காட்டும் தொகை மண்டோர் பார்வைக்கு மட்டும். சர்வருக்குக் குலை எண்ணிக்கை, வெட்டிய தேதி, கைப்பேசியிலேயே உருவான யூயூஐடி (தனித்த அடையாள எண்) போகட்டும். அந்தத் தேதிக்குரிய விதியில் சர்வர் மறுபடி கணக்கிடும். ஒரே யூயூஐடி இருமுறை வந்தால் ஒன்றைத் தள்ளும். பணத்தை சென் (ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் முழு எண்ணாக வையுங்கள், லுவா 5.3 முதல் முழு எண் வகை உண்டு. ரூட் செய்த (பாதுகாப்புப் பூட்டை உடைத்த) கைப்பேசி எந்த எண்ணையும் அனுப்பும். அதனால் ஆலை எடைச்சீட்டோடு சர்வரில் ஒப்பிட்டே சம்பளத்துக்கு ஏற்றுங்கள்.